உரல் பள்ளம்

செய்தி வந்தபோது பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. யாத்திக்கு அந்த நேரம் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். வேகவைத்துத் தோல் நீக்கிய சோயா மூங்கில் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. சூட்டோடு உறைமாவைத் தூவினால், சோயாவை உறையவைத்துச் செய்யும் தெம்பே கட்டி நாறிப்போகும். ரொம்பவும் ஆறவிட்டால் பூஞ்சை பிடிக்காது. பதினோரு மணிக்குச் சரியாக இருக்கும் என்று உறைமாவு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். மாவுப் பொட்டலத்தின் மேல் அவள் கணவன் வஸ்கித்தோவின் பித்தளை லைட்டர் கிடந்தது. இரண்டு நாளுக்கு முன்பு அவள்தான் அதை அங்கே ஒளித்து வைத்திருந்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவன் ஜுமாடி. மலைமேல் இருக்கும் கண்காணிப்பு நிலையத்தில் வஸ்கித்தோவோடு பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவன். வழக்கமாக வேலியருகிலேயே "அண்ணி, காப்பி!" என்று கத்திக்கொண்டு வருகிறவன், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான். முழங்கால்வரை சாம்பல் நிறச் சேறு.

"அண்ணி..."

"அவர் எங்க?"

"பின்னாடி காய்கறி லாரியில வர்றார் அண்ணி."

"வர்றாருன்னா நீ ஏன்பா அழுவுற?"

ஜுமாடி சுவரைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டான். பிறகு, கேட்கக் கூடாதது வாய்தவறி வந்துவிட்டதுபோலக் கேட்டான்.

"அண்ணனோட லைட்டர் எங்க அண்ணி? பையெல்லாம் பார்த்தேன். இல்லையே."

யாத்தி டப்பாவை மூடினாள்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

லாரி வந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறவன் முகம். ஏரிக்குப் போகும் வழியில் விஷவாயுவில் சிக்கிவிட்டார் என்று வாசலில் நின்ற ஆண்கள் சொன்னார்கள். மலைப் பெரியவர் கூப்பிட்டுக்கொண்டார் என்று பெண்கள் சொன்னார்கள். குளிப்பாட்டியவர்கள் வலது கட்டைவிரல் நகத்திலிருந்த சிவப்புப் பெயிண்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, போகாமல் அப்படியே கஃபன் துணியைச் சுற்றினார்கள். நகரத்துக் கல்லூரியில் படிக்கும் மகள் நிங்ரும் புத்தகப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது புதைகுழியை மண் மூடி, மேலே கப்பலரளிக் கிளையும் நட்டாகிவிட்டது. அளவுக்கு மீறி ஆறிப்போன சோயாவைப் பக்கத்து வீட்டுக்காரி தன் கோழிகளுக்குப் போட்டாள்.

இத்தனைக்கும் நடுவே யாத்தி ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனவரின் பையில் ஜுமாடி ஏன் லைட்டரைத் தேடினான்?

*

வஸ்கித்தோ பிறந்த ஊர் இப்போது கிடையாது. அவனுக்குப் பதினொரு வயதில் ஏரி வெளியே வந்தது. கிளாவு மலையின் உச்சிக் குழியில் கிடக்கும் அந்த ஏரியை அடியிலிருந்து நெருப்பு முட்டியது. தெறித்த தண்ணீர் கிழக்குச் சுவரின் உடைப்பு வழியாக இறங்கி, சாம்பலையும் பாறையையும் மரங்களையும் வாரிக்கொண்டு, கொதிக்கிற சேறாக ஊருக்குள் வந்து சேர இருபது நிமிடம்தான் ஆனது. ஆட்டை அவிழ்க்கப் போன அவன் அக்கா திரும்பவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், சந்தையிலிருந்து நடந்து திரும்பும் வழியில், ஒரே ஒரு முறை அதை யாத்தியிடம் சொன்னான்.

"ஒரு வாரமா ஏரி மஞ்சளா இருந்துச்சாம். விறகு பொறுக்கப் போனவங்க பார்த்திருக்காங்க. கீழ வந்து சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல."

பதினெட்டு வயதில், கண்காணிப்பு நிலையம் கட்ட மலைமேல் சிமென்ட் மூட்டை சுமந்தான். கட்டி முடிந்ததும் சுமந்தவர்கள் எல்லோரும் கூலி வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்தான், காப்பி போட்டான், நிலநடுக்கக் கருவியின் உருளைக்குப் புகைக்கரி பூசிய காகிதம் மாற்றக் கற்றுக்கொண்டான். விரட்டுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. ஆறு வருடம் கழித்து நிரந்தரமாக்கினார்கள்.

அவன் வேலை ஏரியைப் பார்ப்பது. பத்து நாளைக்கு ஒருமுறை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து குழிக்குள் இறங்குவான். விளிம்பில் நின்று பார்த்தால் மலையை உள்பக்கமாக அறுத்து வைத்ததுபோல இருக்கும். சாம்பல், பழுப்பு, கறுப்பு, மறுபடியும் சாம்பல் என்று ஒவ்வொரு வெடிப்பும் விட்டுப்போன படுகைகள் செங்குத்தாக அடுக்கி நிற்கும். அவ்வளவு ஆழத்தில் ஏரி. இந்தக் கரையிலிருந்து கத்தினால் அந்தக் கரைக்குக் குரல் போகும், சொல் போகாது. நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் எப்போதும் கவிழ்த்த தட்டைப்போல லேசாக உப்பிக்கொண்டிருக்கும். அடியிலிருந்து வாயு வரும் வழி அது. வடகரைப் பாறை இடுக்குகளில் கந்தகம் மஞ்சளாகப் பூத்து, நீராவி சீறிக்கொண்டே இருக்கும். தினமும் காலை எட்டு மணி வாக்கில், அடிவாரம் சூடேறியதும், கிழக்கு உடைப்பு வழியாகக் காற்று உள்ளே நுழையும். அதற்கப்புறம்தான் நிலையத்துக்காரர்கள் குழிக்குள் இறங்குவார்கள்.

பாதையும் கரையும் சேருமிடத்தில், பழைய வெடிப்பு ஒன்று தோண்டிவிட்ட வட்டமான பள்ளம் உண்டு. ஆளை மூடும் ஆழம். உரல் பள்ளம் என்று பெயர். அதில் இறங்கி ஏறினால்தான் தண்ணீரைத் தொட முடியும். தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுகோலில் ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று பார்த்து, மூன்று இடத்தில் வெப்பமானியை முக்கி, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவான். அந்தப் பாட்டில்கள் நிலையத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றன. எல்லாம் பழைய சர்பத் பாட்டில்கள். பச்சை, வெளிர்பச்சை, பாலில் பச்சை கலந்த நிறம், மங்கல் வெள்ளை. புதுத் தண்ணீரை அவற்றோடு வைத்துப் பார்த்துத்தான் நிறம் எழுதுவான். தலைமை அலுவலகப் படிவத்தில் நிறத்துக்கென்று ஒரு சின்னக் கட்டம். அது அவனுக்குப் போதவில்லை. "மரவள்ளி இலையின் அடிப்பக்கம்" என்று எழுதினான். ஒருமுறை "என் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர்" என்று எழுதிவிட்டான். அது என்ன நிறம் என்று விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அன்று சாயங்காலம் அவன் சர்பத் பாட்டிலோடு சமையலறையில் வந்து நின்றான்.

"எதுக்கு அது?"

"நீ பாத்திரம் கழுவி முடிச்சதும் இதுல கொஞ்சம் ஊத்து. மேலிடத்துக்கு அனுப்பணும்."

"என் மானத்த வாங்குறதுக்குன்னே சம்பளம் தர்றாங்களா உங்களுக்கு?"

"ஊத்துடி. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கட்டும், அப்பதான் சரியா இருக்கும்."

நிஜமாகவே அனுப்பினான். அதற்கப்புறம் அலுவலகம் நிறத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாவட்டமே சிரித்த கதை அது.

சூடு பார்க்க அவனுக்கு வெப்பமானி தேவையில்லை. தெம்பே வைப்பவர்களுக்குத் தெரியும், இலையில் பொதிந்து வைத்த இரண்டாம் நாள் அது தானாகவே சூடாகும், அடை காக்கிற கோழியின் வயிற்றைப்போல. வஸ்கித்தோ வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொதிகளின்மேல் உள்ளங்கையை வைப்பான்.

"முப்பத்தெட்டு."

"ஏரி எவ்வளவு?"

"அதேதான். நீயும் பெரியவரும் ஒரே அடுப்புல சமைக்கிறீங்க."

உறைமாவு டப்பாவை மட்டும் அவன் தொடக் கூடாது. கந்தகம் பட்ட கை பட்டால் உறை செத்துப்போகும் என்று அவள் கல்யாணமான முதல் மாதமே சொல்லிவிட்டாள். இருபது வருடத்தில் ஒருநாளும் அவன் அதைத் தொட்டதில்லை.

பெரியவர் என்றால் மலைதான். கிளாவின் அடியில் குடியிருப்பவர்கள் மலையை அப்படித்தான் சொல்வார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மலைமேல் வேலை செய்கிறவன் மலையின் கெடுதியை வீட்டுக் கூரைக்கு அடியில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது; சொன்னால் அது வழி கேட்டு வந்துவிடும். விறகு வெட்டப் போகிறவர்களிலிருந்து நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்வரை எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். வஸ்கித்தோ ரேடியோவில் ஏரியின் உஷ்ணத்தை மாவட்டத்துக்கே அறிவிப்பான். வீட்டில் யாத்தி "பெரியவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டால் "தூங்குறார்" என்பான். வேறு எதுவும் சொல்ல மாட்டான். அவளும் கேட்க மாட்டாள். உரல் பள்ளம் என்ற பெயரையே அவன் செத்த அன்றுதான் அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

*

இருமல் தொடங்கியது போன வருட மழைக்காலத்தில். கந்தகமும் கிராம்பு சிகரெட்டும் சேர்ந்தால் நெஞ்சு என்ன செய்யும்? இரண்டில் ஒன்றை விடச் சொன்னார் சுகாதார நிலைய டாக்டர். மலையை விட முடியாது.

நோன்புப் பெருநாள் காலையில் வழக்கப்படி யாத்தி அவன் முன்னால் மண்டியிட்டு, வருடம் முழுக்கச் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டாள். அவனும் கேட்டான். கேட்டுவிட்டு, "உனக்கு என்ன வேணும் சொல்லு" என்றான்.

"சிகரெட்டை விடுங்க."

"புடவை கிடவை கேட்பேன்னு நினைச்சேன்."

"நிங்ரும் கல்யாணத்துக்கு நீங்க இருந்தா அவளே எனக்கு வாங்கித் தருவா."

அவன் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தான். அதற்கப்புறம் தொடவில்லை. அது நிஜம். ஆனால் லைட்டரைத் தரவில்லை. துணி துவைக்க எடுக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் அது இருந்தது. பித்தளையில் விரல் பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் மழுங்கிப்போன லைட்டர்.

"மாட்டை வித்தாச்சு, மூக்கணாங்கயிறு எதுக்கு இன்னும் இடுப்புல?" என்று குத்திக்காட்டுவாள்.

"கைக்குப் பழகிப்போச்சு யாத்தி. இருக்கட்டும்."

"கைக்கா, வாய்க்கா?"

அவன் சிரிப்பான். சிரிப்பு இருமலில் முடியும்.

ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலம் கையெல்லாம் சிவப்புப் பெயிண்டோடு வந்தான். ஏரியின் புளிப்புத் தண்ணீர் அளவுகோலின் எண்களை அரித்துவிட்டதாம். விளிம்பிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் எட்டா மூன்றா என்று தெரியவில்லையாம். புதிதாக எழுத ஆரம்பித்திருந்தான். இன்னொரு தடவை போனால் முடிந்துவிடும் என்றான். மறுநாள் காலையில் சட்டையைத் துவைக்க எடுத்தாள். லைட்டரிலிருந்து புது எண்ணெயின் வாடை குப்பென்று வந்தது. பெருநாளிலிருந்து நாலு மாதம் ஆகியும் லைட்டருக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் அதை வைத்து என்ன செய்வார்? யாத்திக்கு அழுகையாக வந்தது. எடுத்துக்கொண்டுபோய், அவன் ஒருபோதும் கை வைக்காத டப்பாவுக்குள் போட்டாள்.

அடுத்த இரண்டாம் நாள் இருட்டு பிரியுமுன்பே அவன் கிளம்பினான். பெயிண்ட் டப்பா, தூரிகை, கயிறு. சட்டைப் பையைத் தட்டினான். கால்சட்டைப் பையையும் தட்டினான்.

"யாத்தி, இந்தப் பையில ஒண்ணு இருந்துச்சே."

"என்ன ஒண்ணு?"

அவள் திரும்பாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரே வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் அவள் முதுகைப் பார்த்திருப்பான். பிறகு அடுப்பு மேடையிலிருந்த தீப்பெட்டியை நோக்கிக் கை நீண்டது. அவள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்ன, இன்னிக்கு நீங்க அடுப்பு பத்தவைக்கப் போறீங்களா?"

கை பின்வாங்கியது.

"ஒண்ணுமில்ல," என்று சிரித்தான். "நேரமாச்சு. வர்றேன்."

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"வந்து சாப்பிடுறேன். வறுத்த தெம்பேக்கு மிளகாய் நிறைய அரை."

*

ஏழு நாளும் வீட்டில் ஓதினார்கள். ஏழாம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தபின் யாத்தி ஜுமாடியைக் கொல்லைப்பக்கம் அழைத்தாள். லைட்டரை நீட்டினாள்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன் தம்பி. அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்."

ஜுமாடி அதைத் தொடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"இது எதுக்கு அவருக்கு?"

"எதுக்குன்னா? சிகரெட்டுக்குத்தான் அண்ணி."

"விட்டுட்டாரே."

"அப்பப்போ... ஒண்ணு ரெண்டு... ஒளிஞ்சு பிடிப்பார்."

"என் புருஷன் பொய் சொல்றவரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக் கூரை பக்கத்தில் இருந்தது. அதற்கடியில் நின்று அவன் சொல்ல மாட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"சரி, இங்க சொல்ல வேணாம். நாப்பது கழிஞ்சதும் என்னை மேல கூட்டிட்டுப் போ. அவர் போன அதே நேரத்துக்கு."

"முட்டி வலி எனக்கு. ஏற முடியாது அண்ணி."

"அப்போ நான் மட்டும் போறேன்."

அந்த முப்பத்து மூன்று நாளும் யாத்தி தெம்பே வைக்கவில்லை. உறைமாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கல்லூரிக்குத் திரும்ப மறுத்த நிங்ருமைத் திட்டி அனுப்பினாள். சில நாள் அவளுக்குத் தைரியமாக இருக்கும்: வெறும் லைட்டர், அதனால் யார் சாவார்? அடுத்த நிமிடமே, தீப்பெட்டியை நோக்கி நீண்டு பின்வாங்கிய அந்தக் கை கண்ணுக்குள் வரும். சிகரெட் பிடிக்கிறவர் மனைவி கண்ணெதிரே தீப்பெட்டி எடுப்பாரா? திருட்டுத்தனமாகப் பிடிக்கிறவர் வழியில் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டாரா? உதவி கேட்பதுபோல நீண்ட கை அது. நாற்பதாம் நாளுக்கு ஊர் வழக்கப்படி அரிசிமாவில் அப்பெம் சுட்டு வீடுவீடாகக் கொடுத்தாள். மறுநாள் விடியுமுன்பே வாசலில் ஜுமாடி கோலூன்றி நின்றான்.

இரண்டு மணிநேரம் ஏறினார்கள். நிலையம் வேறு சரிவில் இருக்கிறது. ஏரிப் பாதை அந்தப் பக்கம் போவதில்லை. விளிம்புக்கு வந்தபோது ஆறே கால். யாத்தி முதன்முதலாக அந்த ஏரியைப் பார்த்தாள். மரவள்ளி இலையின் அடிப்பக்கம்தான். நடுவில் அந்தத் தட்டு உப்பிக்கொண்டிருந்தது. வடகரை நீராவி சாயாமல் குச்சிபோல நேராக நின்றது. காற்று இல்லை.

ஜுமாடி அங்கே உட்கார்ந்துதான் சொன்னான்.

"ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி உரல் பள்ளத்துல செருப்பு வாரைக் கட்டக் குனிஞ்சேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அண்ணன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி என்னை இழுத்துப் போட்டார். வீட்ல கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னோம். அது ஒரு வாயு அண்ணி. கண்ணுக்குத் தெரியாது, வாசமும் கிடையாது. காத்து இல்லாதப்ப தண்ணி மாதிரி பள்ளத்துல தேங்கி நிக்கும். அதுல நெருப்பு எரியாது. அன்னியிலேர்ந்து அண்ணன் லைட்டரைக் கீழ பிடிச்சுப் பார்க்காம இறங்கினதே இல்ல. எரிஞ்சா போவார். அணைஞ்சா உக்காந்து காத்துக்குக் காத்திருப்பார்."

"எட்டு மணிக்கு மேலதானே போவீங்க எப்பவும்?"

"அளவெடுக்கன்னா எட்டு மணி. பெயிண்ட் அப்ப அடிக்க முடியாது. காத்து வந்தா நீராவி அளவுகோல் மேல அடிக்கும், பெயிண்ட் காயாம வழிஞ்சிடும். காத்து நிக்கிறப்பதான் அடிக்கணும். முதல் தடவை போனப்பவும் இதே நேரம்தான். அன்னிக்கு லைட்டர் ரெண்டு தடவை அணைஞ்சுது. அரைமணி உக்காந்திருந்தார். கொஞ்சம் காத்து அசைஞ்சதும் மூணாவது தடவை எரிஞ்சுது, போனார்."

"ரெண்டாவது தடவை?"

"நான் முட்டி வலின்னு இங்கேயே உக்காந்துட்டேன். லைட்டர் இல்லன்னு எங்கிட்டச் சொல்லல அண்ணி. பைனாகுலர்ல பார்த்துட்டிருந்தேன். பள்ளத்து விளிம்புல நின்னார். சட்டைப் பையத் தட்டினார். நீராவியப் பார்த்தார், அது லேசா மேற்கால சாஞ்சுச்சு. விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பார்த்தார். இறங்கினார். அப்புறம் நீராவி நிமிர்ந்துடுச்சு. கத்தினேன். குரல் போச்சு, சொல் போகல. திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினார். அப்படியே பள்ளத்துக்குள்ள மறைஞ்சார், அப்புறம் ஏறி வரல."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"காத்து வர்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்க முடியல. லைட்டர் இருந்திருந்தாலும் அன்னிக்கு ஒருவேளை..."

"உனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. விட்டுடு. எந்திரி."

கீழே இறங்க இன்னொரு அரைமணி. பள்ளத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே படிபோல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. வஸ்கித்தோ அதில் நின்றுதான் பார்ப்பானாம். ஜுமாடி அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

"குந்தக் கூடாது, குனியக் கூடாது அண்ணி. நின்னுக்கிட்டே கையத் தொங்கவிடுங்க."

அவள் மார்புக்கு நேராக லைட்டரைப் பற்றவைத்தாள். சுடர் மஞ்சளாக, அசையாமல் நின்றது. மெல்ல இறக்கினாள். இடுப்புவரை எரிந்தது. தொடைக்கு வந்தபோது சுடர் நீண்டு, திரியை விட்டுத் தனியே ஒரு கணம் மிதந்து, போய்விட்டது. மேலே தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினாள். பற்றியது. இறக்கினாள். அதே இடத்தில் போனது. மூன்றாவது தடவையும்.

"இவ்வளவுதானா?" என்றாள். ஒரு கையை இடுப்பிலும் இன்னொரு கையைத் தொடையிலும் வைத்து அந்தத் தூரத்தைக் காட்டினாள். "இவ்வளவு தூரத்துக்குத்தானா?"

ஜுமாடி கயிற்றை இழுத்து அவளை மேலே ஏற்றினான். அவள் அழவில்லை. கயிற்றை அவிழ்க்கத்தான் அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அந்தத் தீப்பெட்டியாவது எடுத்திருக்கலாம்ல," என்றாள் யாத்தி. "நான் கேலிதானே பண்ணேன். இருபது வருஷமா கேலி பண்றவதானே. ஒரு வார்த்தை... கூரைக்கு வெளிய கூப்பிட்டு, கொல்லையில நின்னு, ஒரு வார்த்தை."

எட்டு மணிக்குக் காற்று வரும்வரை இருவரும் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார்கள். காற்று வந்தது. நீராவி மேற்கே சாய்ந்து, ஏரி தெளிவாகத் தெரிந்தது. அவள் அதே பாறையில் இறங்கி லைட்டரை மறுபடியும் பற்றவைத்து, நின்றபடி கையைத் தொங்கவிட்டாள். இப்போது எரிந்தது. குனிந்து இறக்கியபோது முழங்காலுக்குக் கீழேயும் எரிந்தது. அவள் அதை அணைத்து ஜுமாடியின் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள்.

"வீட்ல சொல்லிட்டியா, இது எதுக்குன்னு?"

"இல்ல அண்ணி."

"இன்னிக்கே சொல்லு. உள்ள வச்சே சொல்லு."

திரும்பி ஏறும்போது விளிம்பில் நின்று பைனாகுலரைக் கேட்டு வாங்கினாள். நீராவி விலகி அளவுகோல் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பத்திலிருந்து ஐந்துவரை எண்கள் புதுச் சிவப்பில் இருந்தன. ஐந்தின் வளைவில் வஸ்கித்தோவின் கட்டைவிரல் பட்டு இழுபட்டிருந்தது. அதற்குக் கீழே நான்கும் மூன்றும் பழைய வெளிறிய நிறத்திலேயே இருந்தன. நான்கின் சாய்வுக் கோட்டை மட்டும் முதல் தடவையே போட்டுவிட்டு வந்திருந்தான்.